மீன்பிடிக்கப் போய்க் கடலில் சிக்கியவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலுக்குப் போன படகு சொன்ன நேரத்தில் திரும்பாத கதைகள் உலகமெங்கும் உண்டு. அவற்றில் நன்றாகப் பதிவான நான்கை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். மெக்சிகோவிலிருந்து மார்ஷல் தீவுகள் வரை மிதந்துபோன சல்வதோர் அல்வரெங்கா, அமெரிக்காவின் மொன்டாக் துறையிலிருந்து போய் இருட்டில் படகிலிருந்து விழுந்த ஜான் ஆல்ட்ரிட்ஜ், ஐஸ்லாந்தின் குளிர்நீரில் நீந்திக் கரையேறிய குட்லௌகுர் ஃப்ரித்தோர்சன், அப்புறம் 2017 ஒக்கிப் புயலில் மாட்டிய குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள். இந்தக் கதைகளைப் பேசும்போதெல்லாம் எழும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. புயலையும் சுறாவையும்விட, படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குத் தெரியாமல் போவதுதான் ஆளைக் கொல்கிறது என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

ஒரு ஆள் 438 நாள் கடலில் மிதந்தார் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். அல்வரெங்கா எல் சல்வடோர்காரர். பல வருடங்களாக மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் கோஸ்தா அசுல் என்ற கடற்கரை ஊரில் சுறாத் தொழில் செய்துகொண்டிருந்தார். 2012 நவம்பர் 17 அன்று ஏறக்குறைய 7 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகில், ஒற்றை இன்ஜினோடு கிளம்பினார். முப்பது மணி நேரத்தில் திரும்பிவிடுவதாகத் திட்டம். வழக்கமாக உடன் வரும் ஆள் அன்றைக்குக் கிடைக்காததால், ஆழ்கடல் பழக்கமில்லாத ஒரு இளைஞரைக் கூலிக்குக் கூட்டிக்கொண்டார்.

2014 ஜனவரி 30 அன்று மார்ஷல் தீவுகளில் எபோன் பவளத்தீவின் ஒரு சின்னத் திட்டில், கிழிந்த துணியோடு தாடியும் சடையுமாகத் தனியாகக் கரையேறினார். இடைப்பட்ட தூரம் சுமார் 10,000 கிலோமீட்டர்.

கரைக்குப் பக்கத்தில் இருந்தபோதே ஏன் திரும்ப முடியவில்லை?

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான். காற்று கிளம்பியதும் அவர்கள் கரையை நோக்கித்தான் ஓட்டினார்கள். ஐஸ் பெட்டியில் கிட்டத்தட்ட அரை டன் மீன் இருந்தது. படகு தத்தளித்தபோது அத்தனையையும் கடலில் கொட்டினார்கள். கரையோரத்து மலைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் இன்ஜின் இருமத் தொடங்கி நின்றது.

வயர்லெஸ்ஸில் முதலாளியைக் கூப்பிட்டார். இருக்கும் இடத்தைச் சொல் என்றார் அவர். ஜி.பி.எஸ். கருவி தண்ணீர் புகாத வகை இல்லை, நனைந்து செத்திருந்தது. நங்கூரம் போடு என்றார். நங்கூரம் இல்லை. கிளம்பும் முன்பே அது படகில் இல்லாததை அல்வரெங்கா கவனித்திருக்கிறார், ஆழ்கடலுக்குத்தானே போகிறோம், எதற்கு என்று விட்டுவிட்டார். வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார் முதலாளி. கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ் பேட்டரியும் தீர்ந்தது. பாய் கிடையாது, துடுப்பும் கிடையாது.

தேடிப் போனவர்கள் மோசமான வானிலையில் எதையும் பார்க்க முடியாமல் ஓரிரு நாளில் திரும்பினார்கள். எங்கே தேடுவது என்று தெரிந்திருந்தால் அந்த இரண்டு நாள் போதுமானதாக இருந்திருக்கலாம்.

அந்தப் பகுதியின் காற்றையும் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் ஒடுங்கிய இடுப்புப் பகுதியில் மலைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் காற்று அந்த வழியாகப் பிய்த்துக்கொண்டு தெவான்தெபெக் வளைகுடாவில் இறங்கும். கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று என்பதால், இன்ஜின் நின்ற படகை அது வெளியே தள்ளிக்கொண்டே போகும். அதற்கப்பால் மேற்கே ஓடும் வட நிலநடுக்கோட்டு நீரோட்டம். அதில் விழுந்த படகுக்கு வழியில் எதிர்ப்படுவது மார்ஷல் தீவுகள் போன்ற சில புள்ளிகள்தான்.

இவ்வளவு நாள் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார்?

கையைத் தண்ணீருக்குள் விட்டு அசையாமல் வைத்திருந்து மீன் பிடித்தார். படகில் வந்து உட்கார்ந்த கடற்பறவைகளைப் பிடித்தார். ஆமை கிடைத்தால் இறைச்சி, இரத்தம் இரண்டும். மிதந்து வந்த பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கி மழைநீர் சேர்த்தார். மழை இல்லாத நாட்களில் சிறுநீரையும் குடித்ததாகச் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் பச்சையாகத்தான். கேட்கக் குமட்டினாலும், ஒரு வகையில் அதுதான் காப்பாற்றியது. வைட்டமின் சி இல்லாமல் சில மாதங்கள் போனால் ஈறு வீங்கி, பழைய புண் திறந்து, ஸ்கர்வி வந்து ஆள் போய்விடுவார். பறவை, ஆமை ஆகியவற்றின் பச்சை இறைச்சியிலும் ஈரலிலும் கொஞ்சம் வைட்டமின் சி உண்டு. வேகவைத்தால் அது பெரும்பாலும் அழிந்துவிடும்.

தாகம் தாங்காவிட்டால் கடல்நீரைக் கொஞ்சமாவது குடிக்கலாமா?

கூடாது. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். நம் சிறுநீரகத்தால் அவ்வளவு கெட்டியான உப்பை வெளியேற்ற முடியாது. குடித்த தண்ணீரைவிட அதிகமான தண்ணீரை உடம்பிலிருந்து எடுத்துத்தான் அந்த உப்பைக் கழிக்கும். தாகம் கூடும், புத்தி தடுமாறும். சும்மா இருப்பதைவிடச் சீக்கிரம் முடிவு வந்துவிடும்.

உடன் போன இளைஞருக்கு என்ன ஆனது? அவரைத் தின்றுவிட்டார் என்று ஒரு பேச்சு இருக்கிறதே?

பச்சை இறைச்சி சாப்பிட்டு ஒருமுறை உடம்பு முடியாமல் போன பிறகு, அந்த இளைஞர் சாப்பிடவே மறுத்துவிட்டார். சில மாதங்களிலேயே படகில் இறந்தார். அதன் பிறகு சில நாட்கள் சடலத்தோடு பேசிக்கொண்டிருந்ததாகவும், தனக்குப் பித்துப் பிடிக்கிறது என்று உணர்ந்ததும் உடலைக் கடலில் விட்டதாகவும் அல்வரெங்கா சொன்னார். இறந்தவருக்குக் கொடுத்த வாக்குப்படி, ஊர் திரும்பியதும் மெக்சிகோ போய் அவருடைய தாயைச் சந்தித்தார்.

2015-இல் இளைஞரின் குடும்பத்தார் பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். உடலைத் தின்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். படகில் இரண்டே பேர், ஒருவர் இல்லை. இதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

அவ்வளவு நாள் பட்டினி கிடந்தவர் படத்தில் குண்டாகத் தெரிந்தாரே?

அதை வைத்துத்தான் முதலில் பலர் பொய் என்றார்கள். கைகால், முகமெல்லாம் வீக்கம். இரத்தசோகையும் இருந்தது. மெக்சிகோவில் அவர் காணாமல் போனதும், தேடப்பட்டதும் முன்பே தெரிந்த செய்திகள். ஹவாய் பல்கலைக்கழகத்தில் அந்த மாதங்களின் காற்றையும் நீரோட்டத்தையும் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, சியாபாஸ் கடலில் மிதக்கவிட்ட படகு எபோன் பக்கம் போய்ச் சேர்வது பொருந்தி வந்தது.

இன்னொன்று, அவர் முதல் ஆளும் இல்லை. 2005 அக்டோபரில் மெக்சிகோவின் சான் பிளாஸ் ஊரிலிருந்து சுறாப் பிடிக்கப் போன ஐந்து பேரில் மூன்று பேரை, 2006 ஆகஸ்டில், அதே மார்ஷல் தீவுகளுக்குப் பக்கத்தில் தைவான் சூரைக் கப்பல் ஒன்று தூக்கியது. ஒன்பது மாதத்துக்கு மேல் மிதந்திருந்தார்கள். அதே கடல், அதே நீரோட்டம்.

படகிலிருந்து தனியாக விழுந்தவர் பிழைத்த கதை உண்டா?

உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதில் தேடியவர்களின் மூளையும் வேலை செய்திருக்கிறது.

ஜான் ஆல்ட்ரிட்ஜ், நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவு முனையில் இருக்கும் மொன்டாக் துறையில் சிங்கி இறால் கூண்டுத் தொழில் செய்தவர். படகின் பெயர் ஆனா மேரி. 2013 ஜூலை 24, விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் மற்ற இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இறால் தொட்டிக்குக் குளிர்ந்த கடல்நீர் ஏற்ற வேண்டும். தொட்டி மூடியின் மேல் கனமான ஐஸ் பெட்டிகள் இருந்தன. ஒரு கொக்கியைப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டிப் பலமாக இழுத்தார். பிளாஸ்டிக் கைப்பிடி பட்டென்று உடைந்தது. பின்பக்கம் திறந்திருந்த படகு அது. இழுத்த வேகத்தில் அப்படியே பின்னால் போய்க் கடலில் விழுந்தார். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. படகு தானியங்கி ஓட்டத்தில் போய்க்கொண்டே இருந்தது. கத்தினால் யாருக்கும் கேட்காது. கரை நாற்பது மைல் தூரம்.

காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கடலில் விழுந்தால் பூட்ஸை உதறு என்றுதான் மீனவர்களுக்குச் சொல்வார்கள், தண்ணீர் நிறைந்து இழுத்துவிடும் என்று. இவருடையது மிதக்கக்கூடிய ரகம். ஒவ்வொன்றாகக் கழற்றி, தண்ணீரைக் கொட்டி, காற்றைப் பிடித்துக் கவிழ்த்து, இரண்டு அக்குளிலும் வைத்துக்கொண்டார். விடியும் வரை அவைதான் மிதவை. சுறாக்களும் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயின.

வெளிச்சம் வந்ததும் கூண்டு மிதவைகளைத் தேடி நீந்தினார். ஒரு மிதவையைப் பிடித்து, பையிலிருந்த சின்னக் கத்தியால் கயிற்றை அறுத்து, அதையும் இழுத்துக்கொண்டு அடுத்த மிதவைக்குப் போய் இரண்டுக்கும் நடுவே தன்னைக் கட்டிக்கொண்டார். விழுந்த ஆளை நடுக்கடலில் தேடுவது கஷ்டம், மிதவை நிற்கிற இடம் மற்ற படகுகளுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு.

அவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஆறு மணிக்கு மேல்தான் கூட்டாளி எழுந்து பார்த்தார், ஆளைக் காணோம். உடனே கடலோரக் காவல்படைக்கு வயர்லெஸ்ஸில் சொன்னார். எப்போது விழுந்தார் என்று தெரியாது. இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த நேரத்தில் படகு ஓடிய தூரத்தைக் கணக்குப் போட்டால் தேட வேண்டிய பரப்பு ஒரு மாவட்டத்தையே தாண்டும்.

கூட்டாளி படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உடைந்த கைப்பிடி கண்ணில் பட்டது, தொட்டி மூடி திறந்திருந்தது. தண்ணீர் ஏற்றும் வேலையை எவ்வளவு தூரம் போன பிறகு தொடங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆக, கரைப்பக்கம் விழவில்லை, வெகுதூரம் வந்த பிறகுதான் விழுந்திருக்கிறார். அந்தத் தகவலைக் காவல்படையின் கணினியில் சேர்த்ததும் தேடும் கட்டம் தெற்கே நகர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் தொழிலை விட்டுவிட்டு வரிசை கட்டித் தேடின. பிற்பகல் மூன்று மணியளவில் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள். விழுந்து ஏறக்குறைய 12 மணி நேரம்.

அது வெயில்காலம். குளிர்ந்த கடலில் விழுந்தால்?

பெரும்பாலும் பிழைப்பதில்லை. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுக்கும். முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், அதில் தண்ணீரை உள்ளே இழுத்தே பலர் இறக்கிறார்கள். பிறகு ஒரு பத்து நிமிடத்துக்குள் விரல்கள் சொன்னபடி கேட்காது.

இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கியவர் குட்லௌகுர். 1984 மார்ச் 11 இரவு, ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளுக்குப் பக்கத்தில் ஹெல்லிசே என்ற படகின் இழுவலை கடலடியில் எதிலோ மாட்டியது. வலை இழுக்கும் எந்திரமான வின்ச்சைப் போட்டு இழுத்தபோது படகு கவிழ்ந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் கவிழ்ந்த படகின் அடிமரத்தில் ஏறினார்கள். படகும் மூழ்கவே கரையை நோக்கி நீந்தத் தொடங்கினார்கள். கடைசியில் மிஞ்சியது இவர் ஒருவர். தண்ணீர் 5, 6 டிகிரி. தலைக்கு மேலே பறந்த கடற்பறவைகளோடு பேசிக்கொண்டே நீந்தினார். ஐந்தாறு கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம்.

கரை வந்த இடம் செங்குத்துப் பாறை, ஏற முடியவில்லை. திரும்பவும் கடலில் இறங்கி வேறு இடம் பார்த்து நீந்தினார். ஏறிய இடத்திலிருந்து வெறுங்காலோடு, கண்ணாடிச்சில்லு போன்ற எரிமலைப் பாறைகளின் மேல் ஊருக்கு நடந்தார். வழியில் ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பழைய குளியல்தொட்டி ஒன்று கிடந்தது. மேலே உறைந்திருந்த பனியைக் கையால் உடைத்துக் குடித்தார்.

பிறகு லண்டனில் அவரைச் சோதித்தார்கள். பருத்த உடம்புக்காரர். தோலுக்கடியில் இருந்த கொழுப்பு சாதாரண ஆட்களைவிட மிகத் தடிமன், கிட்டத்தட்ட கடல்நாய்க்கு இருப்பதுபோல. ஐஸ்லாந்தில் ஆண்டுதோறும் மார்ச்சில் அவர் பெயரால் குளத்தில் ஆறு கிலோமீட்டர் நீச்சல் நடத்துகிறார்கள்.

அப்படியென்றால் மனதைரியம் இருந்தால் பிழைத்துவிடலாம்தானே?

இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டும். குட்லௌகுரோடு நீந்தியவர்களுக்குத் தைரியம் குறைவு என்று யார் சொல்ல முடியும்? 2019 ஜூலையில் வங்காள விரிகுடாவில் படகு மூழ்கிய மேற்கு வங்க மீனவர் ஒருவரை, மூங்கிலைப் பிடித்தபடி சுமார் ஐந்து நாள் மிதந்த நிலையில், வங்கதேசக் கப்பல் ஒன்று சிட்டகாங் பக்கம் காப்பாற்றியது. உடன் மிதந்தவர்கள் ஒவ்வொருவராகப் போவதை அவர் பார்த்தார். போனவர்கள் பேட்டி கொடுப்பதில்லை. நமக்குக் கிடைப்பது தப்பியவர் சொல்லும் கதை மட்டுமே, அதில் தைரியம் பெரிதாகத் தெரிவது இயல்பு.

ஒக்கியில் குமரி மீனவர்கள் ஏன் எச்சரிக்கையை மீறிப் போனார்கள்?

மீறிப் போகவில்லை. போன பிறகுதான் எச்சரிக்கையே வந்தது.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, நீரோடி என்று அந்தப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள் சுறா, சூரை தேடி நூற்றுக்கணக்கான கடல் மைல் போகிறவர்கள். ஒருமுறை கிளம்பினால் முப்பது, நாற்பது நாள் தங்கல். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம், 30 அன்று புயல் என்று ஒரே நாளில் மாறியது. அதற்குள் அவர்கள் அரபிக்கடலின் நடுவில் எங்கோ இருந்தார்கள். படகில் இருந்த வயர்லெஸ் சில பத்து கடல் மைலுக்குள்தான் எட்டும். படகுக்குப் படகு செய்தி மாற்றி மாற்றிச் சொல்வதுதான் வழக்கம், அதுவும் அன்று எல்லோரையும் சென்றடையவில்லை. சாட்டிலைட் போன் கிடையாது.

புயலுக்குப் பிறகு படகுகள் லட்சத்தீவு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் என்று கரை கரையாய்ப் போய் ஒதுங்கின. யார் எங்கே இருக்கிறார், யார் இல்லை என்று வீட்டுக்குத் தெரிய வாரக்கணக்கு ஆனது. கரைக்குப் பக்கத்தில் மட்டும் தேடுகிறார்கள், எங்கள் ஆட்கள் இருப்பது அதற்கும் வெளியே என்று ஊரார் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது அந்தக் கோபத்தில்தான். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த இடத்தில் எந்தப் படகு தொழில் செய்யும் என்பது ஊராருக்குத் தெரியும். மொன்டாக்கில் கூட்டாளியின் பேச்சு கணினிக்குள் போனது. இங்கே கரையிலேயே நின்றுவிட்டது.

உடல் கிடைக்காவிட்டால் குடும்பத்துக்கு என்ன வழி?

காணாமல் போனவர் இறந்ததாகக் கருதச் சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை இறப்புச் சான்று, காப்பீடு, கடன் தள்ளுபடி எதுவும் நகராது. ஒக்கி விஷயத்தில் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. தனியாக ஒரு படகு கவிழும்போது இந்தச் சலுகை தானாக வந்துவிடாது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா?

கொஞ்சம். 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது, புயல் எச்சரிக்கையை செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலில் உள்ள படகின் செல்போனுக்குக் கொண்டுவரும். ஆனால் அது ஒருவழி, படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. 2024-இல் இஸ்ரோ வெளியிட்ட இரண்டாம் தலைமுறை ஆபத்துச் செய்திக் கருவியில், உங்கள் செய்தி வந்து சேர்ந்தது என்று திரும்பத் தகவல் வரும். நடுக்கடலில் பொத்தானை அழுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது! ஒரு லட்சம் படகுகளுக்கு, படகு நிற்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்த 364 கோடி ரூபாயில் மத்திய அரசின் திட்டமும் நடக்கிறது. நாம் தொழில் செய்யும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று சிலர் அதை அணைத்து வைப்பதுண்டு. மீன் கிடைக்கும் இடத்தை யாரும் விளம்பரம் செய்ய மாட்டார்கள், அந்தக் கவலை நியாயமானதுதான். அதற்காக அணைப்பது மட்டும் சரியில்லை.

பொழுதுபோக்குக்காகப் படகில் மீன்பிடிக்கப் போகிறோம். எங்களுக்கு என்ன?

லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும். செல்போனையும் ஜி.பி.எஸ்.ஸையும் தண்ணீர் புகாத பையில் போடுங்கள். கரையில் ஒருவரிடம் எந்தத் திசை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அந்த நேரம் தாண்டினால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்து. இந்தியக் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554.